குதிரைக்கு வைத்த முதல் பிடி

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே, தேயிலை மலை முடிகிற பள்ளத்தில் ஓர் உளை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி என்றுதான் நினைப்பீர்கள். ஓரத்தில் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் வாங்கும். உள்ளே போனால் ஆளையே வாங்கிவிடும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலையெல்லாம் காய்ந்து கிடக்கிற மாதங்களிலும் அங்கே மட்டும் புல் பச்சையாக நிற்கும். மாடு வைத்திருப்பவர்கள் அதன் ஓரத்தில்தான் புல் அறுப்போம்.

அறுக்கிற முதல் பிடி மாட்டுக்கு இல்லை, குதிரைக்கு. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் ஒரு துரை, கொழுந்து எடுக்கிறவர்களைத் திடுமென்று வந்து பிடிக்க வேண்டும் என்று குறுக்கு வழியாகக் குதிரையை உளைக்குள் விட்டாராம். இரண்டும் புதைந்தன. எங்கள் ஆட்கள் கயிறு போட்டுத் துரையை இழுத்தார்கள். குதிரைக்கு யாரும் கயிறு போடவில்லை. துரையைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடிவிட்டார்கள். அந்தி சாயும் வரைக்கும் அது கனைத்துக்கொண்டே இருந்ததாம். அன்றிலிருந்து, அறுக்க வருகிற ஒவ்வொருவரும் அவரவர் பேருக்கு ஒரு பிடி புல்லை ஓரத்துப் பாறைமேல் வைத்துவிட்டுத்தான் கத்தியைத் தொடர்ந்து ஓட்டுகிறோம்.

நான் எப்போதும் இரண்டு பிடி வைப்பேன். ஒன்று எனக்கு, ஒன்று என் நாத்தனாருக்கு. அவள் என் புருஷனின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். குதிரைக்குப் புல் வைக்கச் சொன்னால் சிரிப்பாள்.

"செத்துப்போன குதிரைக்கு இன்னும் தீனி போடுறீங்களே அண்ணி. பேசாம அதுக்கும் வேலைக்குப் பேர் பதிஞ்சு காலைப் பெரட்டுக்கு வரச் சொல்லுங்க."

நான் அப்படிச் சிரிக்கத் தெரியாதவள். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் வீட்டுக்குத் திரும்ப முடியாதே என்று பயந்தே ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள். எனக்குக் குதிரையும் ஒரு கவலை.

சில வருஷங்களுக்கு முன்னால், ஐப்பசி மாதம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாப் பெண்களும் நிற்கும்போது, நான் பூட்டை இழுத்துப் பார்ப்பதை நாத்தனார் நடித்துக் காட்டினாள். நாலு எட்டு நடப்பாள், நெஞ்சில் கை வைப்பாள், திரும்பி ஓடுவாள், இல்லாத பூட்டைப் பிடித்து இழுப்பாள். கங்காணி கூடச் சிரித்தார். நான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் புல்லுக்குப் போனோம். வழியெல்லாம் நான் பேசவில்லை. அவள் பின்னால் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள். நான் முன்னால் போய் ஒரு பிடி அறுத்துப் பாறைமேல் வைத்தேன். இரண்டாவது பிடிக்குக் கை போனது. கையை இழுத்துக்கொண்டேன்.

"இது எனக்கு மட்டுந்தான். அவளுக்கு இல்ல," என்று வாய்விட்டே சொன்னேன்.

என் கட்டு நிறைந்ததும் தலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். "வாறியா?" என்று கூடக் கேட்கவில்லை.

மாட்டுக்குப் புல்லைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர் லயம் மறைந்தது. அவள் வரவில்லை. போன் எடுத்தேன். மணி எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். புருஷன் பதுளை டவுனுக்குப் போயிருந்தார். பக்கத்துக் காம்பரா அக்காவிடம் ஓடினேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவளக் காணோம்க்கா. உளைப் பக்கம் நின்னா."

"நீ பதறாத நாளு எதும்மா? போன கிழமை கோழியக் காணோம்னு லயத்தையே எழுப்பிவிட்ட. கோழி கூடையில கிடந்துச்சு."

"இது அப்படி இல்லக்கா."

"வருவா போ. வந்து உன்னை நடிச்சுக் காட்டுவா."

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று மாட்டுக் கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

பாறைமேல் என் ஒரு பிடி இருந்தது. பக்கத்தில் வெறுங்கல். கூப்பிட்டேன். பனிக்குள்ளிருந்து "அண்ணி" என்று ஒரு குரல் வந்தது. ஓரத்திலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வந்தது. ஒரு எட்டு வைத்தேன், முழங்கால் வரைக்கும் போய்விட்டது. காலை உருவிக்கொண்டு அழுதேன். எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக், டக் என்று, கல் பாவிய ரோட்டில் லாடம் படுகிற சத்தம். சேற்றில் எந்த மிருகம் நடந்தாலும் அப்படிக் கேட்காது. எனக்கு இடது கைப் பக்கம், நாலு முழத்தில், ஈரமான ஒரு முதுகு பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. சேணம் இல்லை. பிடரி சேற்றில் ஒட்டிக் கிடந்தது. பழைய தண்ணீரின் வாடை வந்தது.

ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. உள்ளேயிருந்து அவள் குரல் மறுபடி வந்தது, முன்னைவிடச் சின்னதாக. அந்த முதுகு போன இடத்தில் கால் வைத்தேன். தண்ணீருக்கு அடியில் கல் இருந்தது. அடுத்த எட்டிலும் இருந்தது. நான் நின்றால் சத்தம் நின்றது, நடந்தால் நடந்தது. எத்தனை எட்டு வைத்தேன் என்று தெரியாது. சொல்லத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன்.

அவள் நெஞ்சு வரைக்கும் போயிருந்தாள். கோரைப் புல்லை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. கயிற்றின் ஒரு தலைப்பைத் தூக்கிப் போட்டேன். கக்கத்துக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டாள். நடுக்கயிற்றை என் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். மிச்சக் கயிறு எனக்குப் பின்னால் தண்ணீரில் கிடந்தது. என்னால் ஆகவில்லை. அவள் ஒரு விரல்கடை கூட அசையவில்லை. கல்லிலிருந்து என் கால்தான் வழுக்கியது.

"விட்டுட்டுப் போய் ஆள் கூட்டிட்டு வாங்க அண்ணி," என்றாள்.

"போகமாட்டேன்."

அப்படிச் சொன்னபோது பின்னால் கிடந்த கயிறு விறைத்தது. என் இடுப்பை நெரித்துக்கொண்டு இழுபட்டது. கழுத்துக்குப் பின்னால் சூடாக மூச்சு விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இழு, இழு என்று யாரிடம் சொன்னேனோ தெரியாது, சொல்லிக்கொண்டே இருந்தேன். சேறு ஒரு சத்தத்தோடு அவளை விட்டது. கல்மேல் குப்புற வந்து விழுந்தாள். கயிறு தளர்ந்தது. பனிக்குள் லாடச் சத்தம் எங்களுக்கு முன்னால் கரைப் பக்கமாகப் போனது. அதன் பின்னாலேயே, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, வெளியே வந்தோம்.

பாறைமேல் புல் இல்லை. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்குக் காற்று இல்லை என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கயிற்றின் பின்தலைப்பு மென்று துப்பியது போல நார் நாராக இருந்தது. மறுநாள் என் புருஷனும் லயத்து ஆண்கள் இரண்டு பேரும் மூங்கில் கழியோடு போய், நான் காட்டிய இடத்திலெல்லாம் குத்திப் பார்த்தார்கள். கழி முழுவதும் போனது. எங்கேயும் கல் தட்டவில்லை. "பயத்துல உனக்கு அப்படித் தோணியிருக்கும்," என்றார் புருஷன்.

கல்லைவிட வேறொன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்த ஞாயிறு காலையில், கொட்டகையில் அவள் பால் கறந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

"அன்னிக்கு நான் உனக்குப் புல் வைக்கல."

அவள் கறப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எனக்கு மட்டுந்தான்னு வேற சொன்னேன்."

"கேட்டுச்சு. உங்களுக்குப் பின்னாலதானே நின்னேன்." பால் செம்பில் விழுகிற சத்தம் மெதுவானது. "குதிரையாவது மண்ணாவதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஆனா நீங்க எனக்கு வைக்காம விட்டப்போ நெஞ்சு அடைச்சுருச்சு அண்ணி. அந்த ரோசத்துலதான் உள்ள போனேன். இல்லாட்டி நான் ஏன் உள்ள போறேன்?"

மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அவளே கேட்டாள்.

"கயித்தை இழுத்தது நீங்க மட்டுமா?"

"இல்ல."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு," என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் புல்லுக்குக் கிளம்பினோம். நாலு எட்டு நடந்ததும் எனக்கு வழக்கம்போல நெஞ்சு அடித்துக்கொண்டது. நின்றேன்.

"பூட்டை நான் ரெண்டு தரம் இழுத்துப் பார்த்துட்டேன். நடங்க," என்றாள்.

உளை ஓரத்தில் அவள்தான் முதலில் குனிந்தாள். ஒரு பிடி அறுத்துப் பாறைமேல் வைத்தாள். இன்னொரு பிடி அறுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். நான் என் கத்தியை எடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்கு வச்சாச்சு அண்ணி."