வியாகுலமேரியின் மூணடுக்கு

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. சாயங்காலம் அதில் நுழைந்தால் ஏலக்காயும் நெய்யும் சேர்ந்து வேகிற வாசனை வரும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் வியாகுலமேரியின் வீடு. வக்கீல் குமாஸ்தாக்களும், வாய்தா வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற சம்சாரிகளும் டீக்கடைக் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து எடுத்துத் தின்றது அவள் சுட்ட பிஸ்கோத்தைத்தான். ஆனால் அவள் பேர் கம்பம் வரைக்கும் போனது பிஸ்கோத்தால் அல்ல, மூணடுக்கால்.

அவள் பிறந்தது ராயப்பன்பட்டியில். மேகமலையில் காடு வெட்டித் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலத்தில், பதினேழு வயதில், சித்தியோடு மலையேறினாள். சின்னமனூரிலிருந்து ஒரு பகல் முழுக்க நடை. கொழுந்து கிள்ளப் போனவளை, கை சுத்தமாக இருக்கிறதென்று துரை பங்களாவின் சமையலறைக்கு எடுத்துக்கொண்டார்கள். சமைப்பதற்கு அல்ல, கரி அள்ளுவதற்கு.

பங்களாவில் ஓர் இரும்பு அடுப்பு இருந்தது. அதற்குக் கீழேயும் தீ, மேலேயும் தீ. பட்லர் மாவு பிசையும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். என்ன போடுகிறார், எவ்வளவு போடுகிறார் என்று ஒரு குஞ்சுகூடப் பார்த்துவிடக் கூடாது. ஆனால் தீயை அவரால் ஒளித்துவைக்க முடியவில்லை. "கீழ கூட்டு", "மேல கொற", "இப்ப ரெண்டும் கொற" என்று அவர் சொல்லச் சொல்ல, கங்குகளை அள்ளிப்போடுவதும் எடுப்பதும் இவள் வேலை. கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஜெபமாலை சொல்லத் தெரியும். ஒரு மாலை முடிந்தால் கீழ்த்தீயைக் குறைக்க வேண்டும், இரண்டாவது முடிந்தால் தட்டு வெளியே வரவேண்டும் என்று தனக்குள்ளே கணக்கு வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் துரைசானிக்காக ஒரு பண்டம் வேகும். வெந்து ஆறியபிறகு பட்லர் நான்கு ஓரத்தையும் சீவிவிட்டு நடுப்பகுதியைச் செங்கல் செங்கலாக வெட்டி மேசைக்கு அனுப்புவார். ஓரம் சமையலறை ஆட்களுக்கு. முதல் தடவை அவள் உள்ளங்கையில் விழுந்தது விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. கீழே மொறுமொறுப்பு. நடுவில், வெண்ணெயா தயிரா என்று சொல்ல முடியாத வழுவழுப்பு, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. மேலே மறுபடியும் பொலபொலவென்று உதிர்கிற மொறுமொறுப்பு. கரிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்த் திரும்புகிறவரை அதை அவள் விழுங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து சும்மா தின்பதை விட்டுவிட்டு, மென்றுகொண்டே யோசிக்க ஆரம்பித்தாள். நடுவில் இருப்பது திரிந்த பால்தான். ஆனால் தண்ணீர் சொட்டச் சொட்ட வடித்திருக்கிறார்கள். முட்டை இருக்கிறது. மேலே கிடக்கிற தூள் வேறொன்றும் இல்லை, கீழே இருக்கிற பிஸ்கோத்துதான். நான்கு வருஷத்தில், பட்லரின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தப் பண்டத்தை ஓரம் ஓரமாகவே முழுசாகத் தெரிந்துகொண்டாள். மூணடுக்கு என்று அதற்குப் பேர் வைத்தவளும் அவள்தான்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயன் வீடுகளுக்குத் தகரக் கூரை போட உத்தமபாளையத்திலிருந்து இருதயம் என்கிற தகரவேலைக்காரன் வந்தான். அதிகம் பேசாதவன். இரண்டு வீட்டாரும் பேசி முடித்தபிறகு ஒருநாள், கரிக்கொட்டகைப் பக்கம் வந்து நின்று கேட்டான்.

"கல்யாணத்துக்கு உனக்கு என்ன வேணும்?"

"ஒரு அடுப்பு."

"எந்த ஊர்ல பொண்ணு அடுப்புக் கேக்கும்? சேலை, வளையல்னு ஏதாச்சும் சொல்லு."

"மேலயும் தீ போடுற அடுப்பு. அதைச் செஞ்சு தருவீகளா, மாட்டீகளா?"

செய்து தந்தான். மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி ஒட்டி, உள்ளே இரண்டு தட்டு வைக்கிற மாதிரியும், தலைமேல் கங்கு பரப்பக் குழிவான மூடியுமாக. மலையில் அடிக்கடி காய்ச்சல் வந்ததால் இருவரும் கீழே இறங்கி, கோர்ட்டுச் சந்தில் குடியேறினார்கள்.

கீழே வந்தபிறகுதான் சங்கடம் தொடங்கியது. பிஸ்கோத்து முதல் நாளே நன்றாக வந்துவிட்டது. மூணடுக்கு வரவில்லை. மேகமலைக் குளிரில் தானாக இறுகி நின்ற பண்டம், பள்ளத்தாக்கு வெக்கையில் கத்தி பட்டதும் கூழாக வழிந்தது. தீயைக் கூட்டினால் நடு வெடித்தது, குறைத்தால் ஆடியது. மாதத்துக்கு இரண்டு முறையாவது செய்து பார்ப்பாள். கெட்டுப்போனதையெல்லாம் இருதயம் கரண்டியால் வழித்துத் தின்பான். நல்லா இருக்கிறது என்றும் சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான். ஒரு கோடையில், குடிதண்ணீர்ப் பானையை ஈர மணலில் வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஆற்று மணலை அள்ளிவந்து நனைத்து, வெந்த தட்டை அதன்மேல் வைத்தாள். மேலே ஈரச்சாக்கு. ஒரு நாழிகை கழித்து வெட்டினாள். துண்டு நேராக நின்றது. அன்றைக்கு இருதயம் கரண்டி எடுக்கவில்லை, கையால் எடுத்துக் கடித்தான்.

"இது சரி" என்றான். அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம் யுத்தம் வந்தது. சீனிக்கு ரேஷன். மைதா கண்ணில் படவில்லை. கோதுமையைத் திரித்து மூன்று முறை சலித்துப் பிஸ்கோத்தை விடாமல் சுட்டாள். மூணடுக்கு கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று ஆயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, ஐப்பசி மாதம். மேலத்தெருவில் பீர்முகமது ராவுத்தர் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு கம்பம். முந்நூறு பேர் வருவார்கள் என்று கணக்கு. வந்து உட்கார்ந்ததும் எல்லோருக்கும் பால் பாயசம் கொடுப்பதாகப் பேச்சு. அதற்காகத் தாலுகா ஆபீஸில் பர்மிட் வாங்கிச் சீனி சேர்த்துவைத்திருந்தார்கள். பலகாரத்தட்டுக்கு மேரியிடம் நாலு டின் பிஸ்கோத்துச் சொல்லியிருந்தார்கள்.

நிக்காஹுக்கு முந்தின நாள் மத்தியானம் மேரி டின்களோடு போய்ச் சேர்ந்தபோது வீட்டில் கல்யாணக் களையே இல்லை. முல்லையாற்றில் வெள்ளம். அக்கரைக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் வரவேண்டிய பால்வண்டி, பாலம் இருக்கிற பக்கமாகச் சுற்றிக்கொண்டு உச்சிவெயிலில்தான் வந்திருந்தது. கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சியதும் நாற்பது படிப் பாலும் திரிந்துபோயிற்று. மணப்பெண்ணின் தாய் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இந்த வெள்ளத்தில் இன்னொரு நாற்பது படிக்கு எங்கே போவது? கல்யாண வீட்டில் பால் திரிந்தால் நல்லதில்லை என்று யாரோ ஒருத்தி வேறு மெதுவாகச் சொல்லி வைத்திருந்தாள்.

ராவுத்தரின் அக்கா ஹவ்வாம்மாள்தான் அந்த வீட்டில் எல்லாவற்றையும் நடத்துகிறவள். "அழுது என்ன ஆகப் போகுது? தூக்கிக் கொல்லையில ஊத்துங்கடி" என்றாள். இரண்டு பேர் கொப்பரையின் காதைப் பிடித்துத் தூக்கினார்கள்.

மேரி டின்களைக் கீழே வைத்தாள். "இருங்கம்மா. ஊத்தாதீக."

கரண்டியால் ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"கசந்திருந்தாத்தான் கொட்டணும். இது புளிச்சுத்தான் இருக்கு. கொட்ட வேண்டாம்."

"திரிஞ்ச பாலை வச்சுக்கிட்டு என்னத்தா செய்யப் போற?"

"எனக்குத் திரிஞ்ச பாலுதாம்மா வேணும்."

பாயசம் போனால் போகட்டும், முந்நூறு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு மூணடுக்கு தருகிறேன் என்றாள். சீனி இருக்கிறது, நெய் இருக்கிறது, மறுநாள் ரொட்டிக்கு வைத்த கோதுமை மாவு இருக்கிறது, முட்டை மட்டும் தெருவெல்லாம் சேகரித்து வாருங்கள் என்றாள். ஹவ்வாம்மாள் உடனே தலையாட்டவில்லை.

"நீ சொல்றது தொரை வீட்டுப் பண்டம். அவுக பன்றிக் கொழுப்புப் போடுவாக, சாராயம் ஊத்துவாகன்னு கேள்வி. எங்க சனம் தின்கிறதுல அதெல்லாம் ஒரு பொட்டுப் படக்கூடாது."

மேரிக்குக் கோபம் வரவில்லை. "நீங்க கேக்குறது ஞாயம். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் என் பக்கத்துலயே உக்காருங்க. நான் கையில எடுக்குற ஒவ்வொண்ணையும் நீங்க பாத்து, சரின்னு சொன்னப்புறந்தான் போடுவேன். உங்க வீட்டுப் பாத்திரத்துலயே செய்யிறேன்."

ஹவ்வாம்மாள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். "சரி, ஆரம்பி."

பாலை வேட்டித் துணிகளில் வடித்து, கிணற்றுத் தண்ணீரில் புளிப்புப் போக அலசி, உத்தரத்தில் மூட்டை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். மேரி வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். இருதயம் வீட்டு அடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்தான். கொல்லையில் கிடந்த காலி நெய் டின்களை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"எத்தனை அடுப்பு?"

"நம்மளது போக இன்னும் ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் நாலு தட்டு."

எதற்கு, ஏன் என்று அவன் கேட்கவில்லை. தகரம் வெட்டுகிற கத்திரியை எடுத்து உட்கார்ந்தான். இருட்டுவதற்குள் இரண்டும் தயார்.

விடியற்காலைப் பாங்கு சொல்லி முடிந்ததும் வேலை தொடங்கியது. கல்யாண வீட்டுப் பெண்கள் வடித்த பாலை ஆட்டுக்கல்லில் போட்டு வெண்ணெய் மாதிரி அரைத்தார்கள். சீனி, முட்டை, ஏலப்பொடி, எலுமிச்சைத் தோல் துருவல். நெய்யில் பிசைந்த மாவைத் தட்டில் அழுத்திப் பரப்பி, அரைவேக்காடாக எடுத்து, மேலே அந்த அரைத்த பாலைக் கனமாக ஊற்றினாள் மேரி. மூன்றாவது அடுக்குக்கு, அவள் கொண்டுவந்த நாலு டின் பிஸ்கோத்தையும் நொறுக்கிப் போடச் சொன்னாள். பலகாரத்தட்டுக்கு வந்ததாயிற்றே என்று ஒருத்தி தயங்கினாள். ஹவ்வாம்மாளே டின்னைக் கவிழ்த்தாள்.

முதல் தட்டு கெட்டுப்போயிற்று. புது அடுப்பின் அடித்தகரம் மெல்லியது. கீழடுக்கு கரிந்து புகைந்தது. கூடி நின்றவர்கள் முகம் வாடியது. மேரி குனிந்து அடித்தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். பிறகு இருதயத்திடம், "ரெண்டு அடுப்புக்குள்ளயும் ரெண்டு விரக்கடைக்கு மணலைக் கொட்டுங்க" என்றாள். அடுத்த தட்டு பொன்னிறமாக வந்தது.

மூன்று அடுப்புக்கும் நடுவில் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்ததை ஹவ்வாம்மாள் கவனித்தாள்.

"என்னத்தா முணுமுணுக்குற? மந்திரமா?"

"ஜெபமாலைம்மா. ரெண்டு மாலை முடிஞ்சா வெந்திரும். எனக்கு அதுதான் கடியாரம்."

ஹவ்வாம்மாள் சிரித்துவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த தஸ்பீஹ் மணியை வெளியே எடுத்தாள். "அப்ப நானும் உருட்டுறேன். ஓங் கணக்கும் எங் கணக்கும் ஒத்து வருதான்னு பாப்போம்." அதற்கப்புறம் ஒவ்வொரு தட்டும் வெளியே வரும்போது, "எனக்கு எட்டுச் சுத்து" என்று அவளே சத்தமாகச் சொன்னாள்.

வெந்த தட்டுகள் கொல்லையில் ஈர மணலின்மேல் வரிசையாக ஆறின. மேலே ஈரச்சாக்கு. கம்பத்து மாட்டுவண்டிகள் தெருமுனைக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தபோதும் மேரி கத்தியைத் தொடவில்லை. ராவுத்தர் கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"மேரி, வெட்டும்மா. வந்துட்டாக."

"இன்னுங் கொஞ்சம் பொறுங்கண்ணே. இப்ப வெட்டுனா பாயசந்தான்."

நிக்காஹ் ஓதி முடிந்து துஆ நடந்துகொண்டிருந்தபோதுதான் முதல் துண்டை வெட்டினாள். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, நேராக இறக்கினாள். கீழே பழுப்பு, நடுவில் சந்தன வெள்ளை, மேலே பொன். ஓரத்தைச் சீவவில்லை. முந்நூற்றுப் பதினாறு துண்டு வந்தது.

கம்பத்தார் முதலில் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாயில் போட்டு மென்றார், ராவுத்தரைப் பார்த்துக் கேட்டார்.

"மதுரையில இருந்து வரவழைச்சீகளா?"

"இல்ல மாமா. நம்ம மேரி. கோர்ட்டுச் சந்து."

"இன்னொண்ணு வைக்கச் சொல்லுங்க."

பெண்கள் பந்தியிலிருந்து ஹவ்வாம்மாள் எழுந்துவந்து மேரியின் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். மேரியின் சேலையெல்லாம் கரி. பந்தி முடியட்டும், அடுப்படியிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். "நீ இங்கன உக்காந்தாத்தான் நான் கை நனைப்பேன்" என்று சொல்லித் தன் பக்கத்தில் உட்காரவைத்து, நெய்ச்சோற்றைத் தன் கையால் பரிமாறினாள் ஹவ்வாம்மாள். அத்தனை வருஷமாகப் பிறத்தியாருக்குச் சுட்டுப்போட்ட மேரிக்கு, ஒரு விசேஷ வீட்டில் முதல் பந்தியில் உட்காருவது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஆள் தேடிவந்தார்கள். முட்டை சேர்க்காதவர்களுக்கு அரிசிமாவுக் கஞ்சி ஊற்றி இறுக்கக் கண்டுபிடித்தாள். சீனி கிடைக்காத மாதங்களில் கருப்பட்டிப் பாகு வைத்தாள். நடு அடுக்கு மண்நிறமாக வந்தாலும் ருசியில் குறையில்லை.

யார் வந்து கேட்டாலும் அளவைச் சொல்லிவிடுவாள். கதவைச் சாத்தியதில்லை, முதுகைத் திருப்பியதில்லை. "எங்களுக்குச் சரியா வரலையே" என்று திரும்பி வந்தவர்களிடம், "தீயை எப்படி வச்சீக?" என்பதுதான் முதல் கேள்வி. பதிலில் திருப்தி வராவிட்டால் அவளே அவர்கள் வீட்டுக்குப் போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

அப்படி அவள் அதிகமாக உட்கார்ந்தது ஹவ்வாம்மாள் வீட்டில்தான். யுத்தம் ஓய்ந்த மறு வருஷம், தன் கொல்லைக்கும் ஓர் அடுப்பு வேண்டும் என்று இருதயத்திடம் சொல்லிச் செய்துகொண்டாள் ஹவ்வாம்மாள். ஆறேழு தட்டுக் கரிந்தது, இரண்டு வழிந்தது. மனம் விடாமல் செய்தாள். ஒரு பெருநாளன்று கோர்ட்டுச் சந்துக்கு ஒரு தட்டை மூடி எடுத்துவந்தாள். மேரி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்றாள். சந்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் சுட்டதைவிட இது நல்லாருக்கும்மா. அடியில என்ன செஞ்சீக, சொல்லுங்க."

ஹவ்வாம்மாள் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.