எலும்பு இல்லாத காடை

1. திங்கட்கிழமை காலை

ஒன்பது மணிக்கு டி.ஓ. போன் செய்தார். டி.ஓ. என்றால் மாவட்ட நியமன அலுவலர், எனக்கு மேலதிகாரி. நான் அப்போது காஞ்சிபுரத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்.

"மேடம், ஆஸ்பத்திரியில ஒரு கேஸ். நேத்து மத்தியானம் காடை வறுவல் சாப்ட்டு மூச்சு விட முடியாம கொண்ணாந்திருக்காங்க. வாட்ஸப்ல அதுக்குள்ள போட்டுட்டானுங்க. மேலேந்து நம்மள கேக்கறதுக்கு முன்னாடி நாம கடையில நிக்கணும்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் கெட்டுப்போவது நாக்கு. மிளகாய்த்தூளைப் பார்த்தால் சாயம் ஞாபகம் வரும், பாலைப் பார்த்தால் தண்ணீர். கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். பக்கத்தில் உட்காருபவர்களும் என்னைப் பார்த்துவிட்டு முகர்வார்கள். அப்படிப்பட்டவளிடம் "காடை, மூச்சு முட்டல்" என்று சொன்னால் என்ன தோன்றும்? பழைய கறி, கறுத்த எண்ணெய், கண்ட கலர்பொடி. ஜீப்பில் ஏறுவதற்குள் வழக்கைப் பாதி முடித்துவிட்டேன்.

வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆளின் பெயர் தினகரன். வயது நாற்பத்தைந்து இருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளியிடம் பட்டுத்தறி நெய்கிறவர். உதடு இரண்டும் வீங்கி, கண் இடுக்கில் மட்டும் பார்வை. கழுத்து முழுக்க தடிப்பு. பக்கத்தில் அவர் மனைவி கோமதி முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சாப்ட்டீங்க?"

"காடை" என்றார், வாய் திறக்க முடியாமல்.

"எங்க வாங்கனது?"

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "செல்வி கடை. ஓரிக்கை ரோட்ல."

அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கவனித்தேன். வலியில் யோசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். டாக்டர் ரவுண்ட்ஸில் இருப்பதாக நர்ஸ் சொன்னார். அரைமணி நேரம் காத்திருந்தால் பார்த்திருக்கலாம். நான் காத்திருக்கவில்லை.

2. செல்வி கடை

தகரக் கூரை, இரண்டு பெஞ்ச், ஒரு பெரிய வாணலி. பகல் வியாபாரத்துக்குச் செல்வி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவர். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கத்தியைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

வாணலி எண்ணெயைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். காப்பி நிறம்.

"இது எத்தினி நாள் எண்ணெய்?"

"முந்தாநேத்து ஊத்தனது மேடம். இன்னிக்கி மாத்தப் போறேன்."

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மசாலா தடவிய காடைகள் சிவப்பாக அடுக்கியிருந்தன. அந்தச் சிவப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

"நேத்து தினகரன்னு ஒருத்தர் உங்க கடையில காடை வாங்கியிருக்காரு. இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கறாரு."

செல்வி முகம் வெளுத்தது. "தறிக்கார தினகரன் அண்ணனா? ஐயோ. அவரு நேத்து காடையே வாங்கலியே மேடம். அவரும் அந்த வேன் டிரைவர் யுவராஜும் வந்தாங்க. நறுக்கன வெங்காயம், ரெண்டு எலுமிச்சம்பழம், ஒரு கை மசாலா, அவ்ளோதான் கேட்டாங்க. எதுக்குண்ணேன்னு கேட்டேன். சிரிச்சினே போயிட்டாங்க."

"அவரே சொல்றாரு மா, உங்க கடையிலதான் வாங்கனேன்னு."

"சத்தியமா இல்ல மேடம். அவரு வருஷக்கணக்கா இங்கதான் சாப்புடறாரு. ஒரு நாள் வயித்து வலின்னு சொன்னதில்ல."

அதற்குள் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "காடைன்னு சொல்லி காக்காவ போடறாங்கபா" என்றது ஒரு குரல். "பூனைன்னு சொன்னாங்களே" என்றது இன்னொன்று. இன்னொருவர் போனில் படம் எடுத்தார்.

கறி, மசாலா, எண்ணெய் மூன்றிலும் சாம்பிள் எடுத்து, நாலு பங்காகப் பிரித்து சீல் வைத்து, ஐஸ் பெட்டியில் போட்டேன். லேப் ரிப்போர்ட் வருகிறவரை கடை திறக்கக் கூடாது என்று டி.ஓ. போனில் உத்தரவு கொடுத்தார். நோட்டீஸை ஒட்டியதும் நான்தான். செல்வி அழவில்லை. நறுக்கிய வெங்காயத்தை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். "இத இன்னா பண்றது மேடம்?" என்று கேட்டார். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

3. டாக்டர் கேட்டது

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து டியூட்டி டாக்டர் கூப்பிட்டார். சின்னப் பெண், பேச்சில் தயக்கமே இல்லை.

"மேடம், ஃபுட் பாய்சன்னு கடைய மூடிட்டீங்களாமே?"

"ஆமா."

"இது பாய்சன் இல்ல. வாந்தி இல்ல, பேதி இல்ல, காய்ச்சல் இல்ல. சாப்ட்ட பத்து பதினஞ்சு நிமிஷத்துல தொண்டை அடைச்சிருக்கு. இது அலர்ஜி. கொஞ்சம் லேட்டா வந்திருந்தா ஆள் இல்ல. அவரு காடை காடைங்கறாரு. இத்தனை வருஷமா ஒத்துக்கன காடை ஒரே நாள்ல இப்படிப் பண்ணுமான்னு எனக்கு டவுட்டா இருக்கு. எதைச் சாப்ட்டாருன்னு சரியா தெரியணும் மேடம். தெரியாம வீட்டுக்கு அனுப்பி, மறுபடி அதையே சாப்ட்டார்னா நான் பொறுப்பில்ல."

அதுவரை என் சந்தேகமெல்லாம் கடைக்காரர்கள் மேல்தான். சாப்பிட்டவர் பொய் சொல்லுவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. விழுந்து கிடக்கிற மனிதனுக்குப் பொய் எதற்கு?

மறுபடி வார்டுக்குப் போனேன். தினகரனுக்கு வீக்கம் வடிந்திருந்தது.

"எத்தினி காடை சாப்ட்டீங்க?"

"நாலு மேடம்."

"ரெண்டு பேரும் சேந்தா?"

"ஆமா."

"எங்க உக்காந்து சாப்ட்டீங்க?"

"தாமல் ஏரிக்கரையில."

ஓரிக்கை ரோட்டில் வாங்கிய காடையை, ஊரைத் தாண்டி மேற்கே அத்தனை தூரம் கொண்டுபோய் ஏன் சாப்பிட வேண்டும்? காற்று வாங்கப் போனோம் என்றார். கோமதி அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவரும் பின்னாலேயே வந்தார்.

"மேடம், இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு பைத்தியம். வாரத்துக்கு ஒரு புது அயிட்டம் தின்னு பாக்கணும்னு. நத்தை, வயல் எலி, ஈசல், எங்கியோ போய் ஒட்டகப் பாலு. அப்பறம் முள்ளு முள்ளா ஒரு பழம், வீடெல்லாம் நாத்தம். ஞாயித்துக்கெழம இன்னா தின்னாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா காடைக்கு இவரு இவ்ளோ தூரம் போவமாட்டாரு."

4. தாமல் ஏரிக்கரை

யுவராஜ் வாடகை வேன் ஓட்டுகிறவர். கர்நாடகா பக்கம் போய் கச்சாப்பட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வருவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை தினகரனை வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்ததும் அவர்தான். உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தைக் காட்டச் சொன்னேன். மத்தியான வெயிலில் ஏரிக்கரையில் நடந்தோம். அவர் என்னைவிட நாலடி பின்னாலேயே வந்தார்.

"எத்தினி காடை வாங்கனீங்க?"

"ஆறு மேடம்."

"அவரு நாலுங்கறாரு."

"நாலுதான். ஆமா, நாலு."

ஒரு வேப்பமரத்தடியில் மூன்று கல் அடுப்பு, சாம்பல், எலுமிச்சைத் தோல், எண்ணெய் பட்ட பேப்பர். வறுத்து விற்கிற கடையில் வாங்கிய காடைக்கு அடுப்பு எதற்கு என்று முதலில் நினைத்தேன். அப்புறம் குனிந்து சுற்றிச் சுற்றித் தேடினேன். யுவராஜ், "இன்னா மேடம் தேடறீங்க?" என்றார்.

"எலும்பு."

அவர் காலால் சாம்பலைக் கிளறினார்.

"நாலு காடைன்னா இவ்ளோ எலும்பு கெடக்கணும்பா. ஒண்ணு கூட இல்லியே."

"நாய் தின்னிருக்கும்."

"எலுமிச்சத் தோல விட்டுட்டு, பேப்பர விட்டுட்டு, ஒரு துணுக்கு மிச்சம் இல்லாமயா?"

யுவராஜ் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஒரு வீடியோ போட்டு என்னிடம் நீட்டினார்.

அதே மரம். அதே அடுப்பு. வாணலியில் விரல் நுனி அளவு பழுப்பாக ஏதோ பொரிகிறது. புளியங்கொட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். தினகரன் ஒன்றை எடுத்து எலுமிச்சை பிழிந்து வாயில் போடுகிறார். மெல்லுகிறார். "வெளிய மொறுமொறுன்னு, உள்ள முந்திரி மாதிரி கீதுடா" என்கிறார். கை நிறைய அள்ளுகிறார். சிரிக்கிறார். வீடியோ முடிவதற்குள் உதட்டைச் சொறிகிறார்.

"இது இன்னாபா?"

"பட்டுப்புழு மேடம். கூட்ட வேகவெச்சு நூல் எடுத்ததுக்கு அப்பறம் உள்ள ஒரு புழு மிஞ்சும் பாருங்க, அது. நான் லோடு ஏத்தற எடத்துல மூட்டை மூட்டையா காயவெச்சு கோழித் தீவனத்துக்கு அனுப்பறாங்க. வெளிநாட்ல மனுசங்களே திங்கறாங்கன்னு போன்ல பாத்தோம். ஒரு கவர்ல அள்ளினு வந்தேன்."

இருபது வருஷத்துக்கு மேல் பட்டு ஊரில் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் புழுவை அதுவரை நான் பார்த்ததில்லை. இங்கே நூலாகத்தான் வருகிறது.

"இத ஏன்பா அன்னைக்கே சொல்லல? டாக்டர்கிட்டயாவது?"

"தினகரன் கைய புடிச்சினு அழுதான் மேடம். தொண்ட அடைச்சினு இருக்கும்போதே, காடைன்னு சொல்லுடா, செல்வி கடைன்னு சொல்லுடான்னான். அவன் உயிரு போவுதுன்னு நான் பதறினு இருக்கேன். அவன் சொன்னதயே நானும் சொல்லிட்டேன்."

உடனே டாக்டருக்கு போன் செய்தேன். அவர் தினகரனிடம் போய் இறால், நண்டு பற்றிக் கேட்டிருக்கிறார். இறால் தின்றால் வாய் நமநமவென்று அரிக்கும் என்றும், ஈசல் தின்ற அன்றும் அப்படித்தான் அரித்தது என்றும் அப்போதுதான் தினகரன் சொன்னாராம். இறால் ஒத்துக்கொள்ளாத உடம்புக்குப் புழு பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இனி இந்த இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

அன்று ஆபீஸுக்கு வந்து செல்வி கடை ஆய்வறிக்கையை எடுத்துப் பார்த்தேன். வெங்காயம், எலுமிச்சம்பழம், மசாலா, யுவராஜ் என்று அந்தப் பெண் எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லியிருந்தார். அதையெல்லாம் நான் ஒரே சொல்லில் எழுதியிருந்தேன்: "மறுக்கிறார்."

5. சொல்ல வேண்டியவர்

நோட்டீஸை எடுக்கலாம் என்று டி.ஓ.விடம் கேட்டேன். "சாம்பிள் போயிடுச்சே மேடம், ரிப்போர்ட் வராம எடுத்தா நம்மள கேப்பாங்க" என்றார். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. காடை சரி, மசாலா சரி. எண்ணெயை மட்டும் அடிக்கடி மாற்றச் சொல்லி அறிவுரை. கடை திறந்தது. ஆனால் பெஞ்ச் காலியாகவே இருந்தது. செல்வி லேப் ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு முன்னால் தொங்கவிட்டிருந்தார். வந்தவர்கள் வண்டியை நிறுத்தி அதைப் படித்துவிட்டு, அப்படியே கிளப்பிக்கொண்டு போனார்கள். வாட்ஸப்பில் வந்தது பூனை. ரிப்போர்ட்டில் இருந்தவை எண்கள்.

நோயாளி சொன்னதை நான் வெளியில் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தவர் ஒருவர்தான். தினகரனை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். உண்மையை நாலு பேர் முன்னால் சொல்லச் சொன்னேன்.

"மேடம், நான் கல்யாணப் பொடவ நெய்யறவன். கால் கழுவாம தறியில எறங்கமாட்டேன். புழுவ தின்னான்னு தெரிஞ்சா மொதலாளி இன்னா சொல்வாரு? பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கினு இருக்கோம். தெருவே சிரிக்கும்."

"செல்விய பாத்து தெரு சிரிக்கல. பயப்படுது. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் தறி நாடாவை எடுத்து ஓட்ட ஆரம்பித்தார். கோமதிதான் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் செல்வி எனக்கு போன் செய்து, "மேடம், கொஞ்சம் வர்றீங்களா?" என்றார். ஏதோ தகராறு என்று நினைத்து ஓடினேன். தினகரன் கடை முன்னால் நின்றிருந்தார். கோமதியும் இருந்தார், யுவராஜும் இருந்தார். தினகரன் தன் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேரைத் தானே கூட்டி வந்திருந்தார். எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"அன்னைக்கு நான் இவங்க கடையில ஒண்ணும் தின்னல. நான் தின்னது பட்டுப்புழு. ஆசப்பட்டு தின்னேன். வெக்கப்பட்டு இவங்க பேர சொல்லிட்டேன். என் மேலதான் தப்பு."

யாரோ சிரித்தார்கள். யாரோ "ச்சீ" என்றார்கள். தினகரன் காது சிவக்க நின்றார், நகரவில்லை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "ரெண்டு காடை குடு செல்வி" என்றார்.

செல்வி வாணலியைப் பற்றவைத்தார். புது எண்ணெய் ஊற்றினார். பொரித்துத் தட்டில் வைத்தபோதுதான் பேசினார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இத்தினி நாளு வீட்ல உக்காந்திருக்க மாட்டேன்ணா." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தினகரன் எடுத்த முதல் வாயைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். கூட வந்தவர்களில் இருவர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வியாபாரம் பழையபடி திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. தினகரன் பெண்ணுக்கும் இடம் அமைந்தது. கேலி செய்தவர்கள் கொஞ்ச நாளில் வேறு விஷயத்துக்குப் போனார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுங்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் கடைக்காரரைச் சந்தேகப்படுகிற அளவுக்குப் புகார் கொடுத்தவரையும், அவரைவிடக் கூடுதலாக உங்களையும் சந்தேகப்படுங்கள். டாக்டரைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். எதிரில் நிற்பவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், ஜீப்பில் ஏறும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கம் போனால் செல்வி கடையில் நிற்பேன். மரியாதையாக பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்வார். என் வயதுப் பெண்கள் யார் வந்தாலும் அவர் வாயில் "அக்கா"தான். எனக்கு மட்டும் இன்னும் "மேடம்".