காக்கிச் சட்டை போடாத கார்டுகள்

நான் பயந்தாங்கொள்ளி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை வீராங்கனை ஆக்கிவிடக் கூடாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தி.நகரில் ஒரு ஜவுளி முதலாளியிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். அப்பா படுத்த படுக்கை. வீட்டில் வேலைக்குப் போனது நான் ஒருத்திதான். முதலாளி திருநெல்வேலிப் பக்கம். புதிதாகச் சுதந்திரம் அடைந்திருந்த ஓர் ஆப்பிரிக்க நாட்டில் நூற்பாலைக்கு முதல் போட்டிருந்தார். அந்த அரசாங்கம் நிலம் கொடுத்தது, ஆனால் கறாராக ஒன்று சொன்னது: வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு உண்டென்று தொழிலாளர் அதிகாரி ஒப்புக்கொண்ட பிறகுதான் மிஷின் ஓட வேண்டும்.

கப்பலில் ஏற்ற வேண்டிய சாமான்களின் பட்டியலை நான் டைப் அடித்தேன். அதில் ஒரு வரி, ‘கார்டு - நாற்பது’. அதை எழுதிய என்ஜினீயர் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போயிருந்தார். முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார்.

“வாட்ச்மேனையெல்லாமா பெட்டியில அடச்சு அனுப்புவாக? அங்கேயே பன்னெண்டு பேரப் போட்டுக்கிடலாம். கோடு போட்டுரு பிள்ள.”

நானும் சிரித்துக்கொண்டே அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். கார்டு என்றால் எங்களுக்கு ரயில் கார்டு, பேங்க் வாசலில் காக்கிச் சட்டையோடு நிற்கிறவர். வேறென்ன? இந்த அழகில் நான் இங்கிலீஷில் பட்டம் வாங்கியவள்!

கப்பல் போய் இரண்டு மாதம் கழித்து, ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருந்த பாய் ஆபீசுக்கு வந்தார்.

“இன்னாம்மா, உங்க என்ஜினீயர் சொன்னாரேன்னு நாப்பது கார்டு அடிச்சு வெச்சிகினு கீறேன். எடுத்துகினு போவ யாருமே வர்ல?”

“கார்டை நீங்க எப்படி பாய் அடிப்பீங்க?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெல்ட்டு, பல்சக்கரம் மேல மூடுற கம்பி வலைம்மா. அது இல்லாம ஓட்னா கை உள்ள பூடும்.” தன் வலது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் இல்லை.

ஆப்பிரிக்க ஆலையில் வேலைக்கு எடுத்த பெண்களின் போட்டோ அந்த வாரம்தான் வந்திருந்தது. மிஷினையே பார்த்திராத கிராமத்துப் பெண்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அந்த நாட்டுத் தொழிலாளர் அதிகாரியின் தந்தி வந்தது. அவர் இருந்த தலைநகரத்திலிருந்து ஆலைக்கு இரண்டு நாள் பயணம். கார்டுகள் எல்லாம் பொருத்தியாயிற்றா, ஆம் என்றால் ஆலையைத் தொடங்கலாம் என்று கேட்டிருந்தார்.

“ஆமான்னு பதில் குடு,” என்றார் முதலாளி.

பாய் சொன்னதைச் சொன்னேன். முதலாளி சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

“மந்திரி வந்து தொறக்க நாள் குறிச்சாச்சு. கார்டு பின்னால போகட்டும். ஆமான்னே அனுப்பு.”

அதுவரை அது எங்கள் அசட்டுத்தனம். இனி அது பொய்.

பாண்டி பஜார் வெயிலில் நடந்தபோது எனக்குக் குளிர்ந்தது. வேலை போனால் அப்பாவுக்கு மருந்து ஏது என்று கேட்டுக்கொண்டே போனேன். தந்தி ஆபீசில் ‘யெஸ்’ என்று எழுதினேன். பாயின் கை நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டு ‘நோ’ என்று எழுதினேன்.

கவுண்டரில் இருந்தவர் எரிச்சலோடு கேட்டார். “யெஸ்ஸா, நோவா? ஒழுங்கா சொல்லும்மா.”

“நோ,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அடுத்த மூன்று நாள் சோறு இறங்கவில்லை. டெலிபோன் மணி அடித்தாலே தூக்கிவாரிப் போட்டது. சே, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். நான்காம் நாள் பதில் வந்தது: கார்டுகள் வந்து சேரும்வரை ஆலை திறக்கக் கூடாது. முதலாளி இரண்டு முறை படித்தார்.

“நீயா?”

பொய் சொல்லத்தான் நினைத்தேன். தலை தானாக ஆடிவிட்டது.

“நாளையிலருந்து வராத பிள்ள.” அவர் கத்தவில்லை, எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிறகு சொன்னார், “போறதுக்கு முன்னால பாய்க்கு போன் போடு. நாப்பதையும் ஹார்பருக்கு அனுப்பச் சொல்லு.”

இரண்டு முறை தப்பான எண்ணைச் சுழற்றினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், தானே எண்ணைச் சுழற்றி ரிசீவரை என் கையில் கொடுத்தார்.