யோசுக்காரியின் மொட்டைத் தலை

யோசுக்காரியோடு சண்டைக்குப் போகிற பெண்கள் முதலில் தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் சந்தையில் பெண்களுக்குள் அடிதடி என்றால் கை கன்னத்துக்குப் போகாது, மயிருக்குத்தான் போகும். எவள் முந்திக்கொண்டு கொத்தாகப் பிடிக்கிறாளோ அவளுக்குத்தான் வெற்றி. அந்த வித்தையில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. மீன் கழுவிய தண்ணீரை என் கடை வாசலில் ஊற்றினாள் என்று நான் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். அடுத்த நொடி முட்டைக்கோஸ் குவியல்வரை இழுபட்டுப் போய் விழுந்தேன். அன்று மாலையே என் கடைக்கு வந்து உட்கார்ந்து, ஒரு கிண்ணம் பன்றிக்கறி சூப்பில் சோற்றைப் போட்டுக் குடித்து முடித்து, "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படித்தான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம்.

பெயர் பியோ சோம்ரே. அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. யோசு ஊரிலிருந்து வந்ததால் அவள் யோசுக்காரி, நாஜுவிலிருந்து வந்ததால் நான் நாஜுக்காரி. இன்சியோன் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கிற எங்கள் சந்தைக்குக் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். புருஷன் கப்பலில் வேலை பார்த்தவன். குடித்துவிட்டு வந்தால் இவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவான். ஒருநாள் உறைந்து கல்லாகிக் கிடந்த வாளைமீனை எடுத்து அவன் மூஞ்சியில் ஒன்று போட்டாள். மூக்கு உடைந்துவிட்டது. ரத்தத்தோடு வெளியே போனவன் திரும்பி வரவேயில்லை.

சந்தையில் மீன் விற்க ஒரு பலகை போடும் இடத்துக்காக அவள் மூன்று பெண்களோடு கட்டிப் புரண்டாள். அந்தப் பலகைக்கு அடியில்தான் மகள் ஹேரன் தூங்கினாள், வளர்ந்தாள், பாடம் படித்தாள், பிறகு கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் நாற்காலி போட்டு உட்காருகிற வேலைக்கும் போனாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். யோசுக்காரி அணைத்து நான் பார்த்ததில்லை. மகள் முதல் சம்பளத்தில் வாங்கிவந்த சட்டையைக்கூட "காசு என்ன மரத்துல காய்க்குதா" என்று மகள் முகத்திலேயே வீசினாள். அப்புறம் அதைத்தான் பண்டிகைக்குப் பண்டிகை போட்டுக்கொண்டாள்.

சந்தையை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது பாதிப் பேர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதிப் பேர் போகவில்லை. எங்கே போவது? சங்கத் தலைவர் குடைக்கடை பெங் அண்ணன் எங்களுக்குப் போராட்ட அடையாளமாகச் சிவப்புத் துணிப்பட்டை கொடுத்து நெற்றியில் கட்டச் சொன்னார். கட்டுமானக்காரர்கள் கூலிக்கு அடியாட்களை அனுப்பினார்கள். கறுப்புச் சட்டை போட்ட இளவட்டங்கள். தினமும் வந்து இரண்டு பலகையைக் கவிழ்ப்பார்கள், கண்ணாடியை உடைப்பார்கள், கிம்ச்சி ஊறுகாய் ஜாடியில் சிறுநீர் கழிப்பார்கள். போலீஸ்காரர்கள் முனையில் நின்று காப்பி குடிப்பார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் யோசுக்காரி சில வாரம் கடை போடவில்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணம், ஊருக்குப் போனேன் என்றாள். திரும்பி வந்தவள் ஆளே வேறாக இருந்தாள். நகமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. மீன்காரிக்கு மீன் நாற்றமே ஆகவில்லை. ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்து குனிந்து வாளியில் வாந்தி எடுத்தாள். என் சூப்பை வாயில் வைத்ததும் துப்பினாள். "உப்பு கம்மியா?" என்றேன். "எரியுதுடி" என்றாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கல்யாணத்தில் கண்டதைத் தின்றிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலையில் அடியாட்கள் அவள் பலகைக்கு வந்தார்கள். அவர்களில் கோயில் தூண் மாதிரி ஒரு தடியன் இருந்தான். அவன் ஐஸ் பெட்டியை உதைத்ததும் இவள் பாய்ந்து அவன் காதைப் பிடித்துக் கடித்தாள். வலியில் அவன் இவள் தலைமயிரைப் பிடித்து ஒரு இழு இழுத்தான்.

மயிர் வந்துவிட்டது.

ஒன்றிரண்டு இழை இல்லை, ஒரு கைப்பிடி. வெந்நீரில் முக்கிய கோழியின் இறகைப் போல வேரோடு வந்தது, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல். தடியன் தன் கையைப் பார்த்தான். அவள் தலையைப் பார்த்தான். "அம்மா!" என்று அலறி, மயிரை உதறி, விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். மற்றவன்களும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஓடிவிட்டார்கள். சந்தையே வாயைப் பிளந்து நின்றது. யோசுக்காரி துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு நேராக என் கடைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"சிரைச்சு விடுடி."

"எதை?"

"தலையைத்தான். வேற எதைச் சிரைப்பாங்க? மிச்சம் இருக்கறதையும் எடுத்துரு. சோத்துல விழுது, தலகாணில விழுது, மீன் வாங்க வர்றவ முன்னாடி விழுது. தாங்க முடியல."

அப்போதுதான் சொன்னாள். மார்பில் கட்டி. ஒரு பக்கம் எடுத்தாயிற்று. இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். ரத்தம் நீர்த்துப் போயிருக்கிறதாம், அடிபட்டால் நிற்காதாம்; சின்னக் காயம்கூடப் படாமல் வீட்டோடு இருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீட்டோடு இருக்கிறவள்தான் இப்போது ஒருவன் காதைக் கடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஹேரனுக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியும். அதோட நிக்கணும். வெளிய போச்சுன்னா உன் நாக்கை அறுத்து உன் சூப்புலயே போட்ருவேன்."

எனக்குக் காரணம் புரிந்தது. கடற்பாசி விற்ற ஒருத்திக்கு இதே நோய் வந்தபோது சந்தையே அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது. யாரும் அவளோடு பேரம் பேசவில்லை, சண்டை போடவில்லை. கொஞ்ச நாளில் யாரும் அவளிடம் எதுவும் வாங்கவும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே அவளுடைய இடத்தை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள். நோயாளி அறுத்த மீனை எவள் வாங்குவாள்?

என் கடையில் இருந்தது பன்றித் தலையைச் சிரைக்கிற சவரக்கத்தி ஒன்றுதான். சோப்பு நுரை போட்டேன்.

"பன்னிக்கு வெச்சிருக்கற கத்தியாடி?"

"எந்தப் பன்னியும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல. ஆடாம உட்காரு."

மெல்ல மெல்ல வழித்தேன். ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்பதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, என்னையும் என் அம்மாவையும் நாஜு ஊரையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டு நின்றபோது பார்த்தேன், கன்னம் நனைந்திருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு என் முழங்காலில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

மறுநாள் காலை துணி கட்டாமல், பளபளக்கிற மண்டையோடு பலகையில் வந்து உட்கார்ந்தாள். மறைத்தால்தான் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் நடந்தது அவள் கணக்கிலும் இல்லை, என் கணக்கிலும் இல்லை. பெங் அண்ணன் வந்தார், பார்த்தார், அவர் உதடு துடித்தது. எங்கள் நாட்டில் ஒரு அநியாயத்தை எதிர்த்து உயிரைக் கொடுக்கவும் துணிந்தவர்கள் தலையை மழித்துக்கொண்டுதான் தெருவில் உட்காருவார்கள். தொழிலாளி, மாணவன், எம்.பி., எல்லாரும் அப்படித்தான்.

"மயிரைப் பிடுங்கினான்ல, இந்தா மிச்சத்தையும் வெச்சுக்கோன்னு மழிச்சிட்டு வந்திருக்கா பாருங்க!" என்று அவர் கத்தினார். "பொம்பளடா! இவ பொம்பளடா!"

யாரோ முரசைத் தட்டினார்கள். யோசுக்காரி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அந்த நொடியில் அவள் முகத்தில் வந்த திருட்டுத்தனத்தை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"ஆமாய்யா, என்ன இப்போ?" என்றாள்.

மதியத்துக்குள் சந்தை நடுவில் நாற்காலி போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொருத்தியாக மழித்துக்கொள்ள உட்கார்ந்தார்கள். முளைப்பயறுக்காரி, செருப்புக்கடைக்காரி, யோசுக்காரியோடு ஜென்மப் பகையாக இருந்த இஞ்சிக்காரிகூட. டிவிக்காரர்கள் வந்தார்கள். எனக்கு உண்மை தெரியும். போன வாரம்தான் காசு கொடுத்து முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்திருந்தேன். இருந்தும் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் சந்தைக்காக மழித்தார்கள். நான் அவளுக்காக மழித்தேன். இதை அவளிடம் சொன்னால் உதைப்பாள் என்று சொல்லவில்லை.

டிவியைப் பார்த்துவிட்டு, கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஹேரன் அம்மாவைத் தேடி என் கடைக்கே வந்துவிட்டாள்.

"மாப்பிள்ளை வீட்ல பார்த்துட்டாங்க. 'உங்கம்மா ரவுடியா'ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"ஆமான்னு சொல்லு" என்றாள் யோசுக்காரி.

"உனக்கு நான் முக்கியமா, இந்த நாத்தம் பிடிச்ச பலகை முக்கியமா? மொட்டைச்சி! கல்யாணத்துக்கு வராத, நான் அநாதைன்னு சொல்லிக்கறேன்!"

கதவை அறைந்துவிட்டுப் போனாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சொல்லித் தொலையேன்டி. பெத்த மகதானே? ஒரு வார்த்தை சொன்னா உன் கால்ல விழுந்து அழுவா."

"அதுக்குத்தான் சொல்லல" என்றாள் யோசுக்காரி. "கால்ல விழுந்து அழுதா நான் என்னடி பண்றது? அவளை எப்படி அடிக்கறது? திட்டட்டும். என்னமாத் திட்டறா பாரு, அப்படியே என்னைப் போலவே."

முதல் பனி விழுந்த காலையில் அடியாட்கள் முழுப் படையோடு வந்தார்கள். கேடயம், இரும்புக் குழாய், பின்னால் இடிக்கிற யந்திரம். யோசுக்காரியைப் பின்னால் இரு என்று பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் விலாவில் இடித்துவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். கத்தியைப் பலகையிலேயே வைத்துவிட்டு, ஐஸ் அள்ளுகிற மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். நான் கொதிக்கிற சூப்பு அண்டாவோடு நின்றேன். இரும்பு கேடயத்தில் மோதியது, கேடயம் பல்லில் மோதியது. மீன் குடலை வாரி முகங்களில் வீசினோம். செருப்புக்கடைக்காரியின் கை மளுக்கென்று ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் அண்டாவை மூன்று பேர்மேல் கவிழ்த்தேன். அவர்கள் கதறியது எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்தத் தடியனும் வந்திருந்தான். மொட்டைத் தலையைப் பார்த்ததும் குழாயைக் கீழே இறக்கினான். தான் பிடுங்கித்தான் அத்தனையும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறான், பாவம். "அம்மா, அன்னிக்கு வேணும்னு பண்ணல..." என்று ஆரம்பித்தான். யோசுக்காரி மண்வெட்டியால் அவன் தோளில் போட்டாள். சாய்ந்தான். அதே நேரம் பக்கத்திலிருந்து ஒரு கேடயத்தின் விளிம்பு வந்து அவள் மண்டையில் இறங்கியது.

மயிர் இல்லாத தலையில் ரத்தத்துக்குத் தடையே இல்லை. நெற்றி, கண், வாய் என்று இறங்கிப் பனியில் கொட்டியது. அவளை மீன்வண்டியில் போட்டுத் தள்ளினோம். என் ஏப்ரனைச் சுருட்டி அழுத்திப் பிடித்தேன், நனைந்தது. இஞ்சிக்காரி தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள், அதுவும் நனைந்தது. எங்களுக்குப் பின்னால் அவள் பலகையை யந்திரம் நொறுக்கிய சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் எங்கள் மொட்டைத் தலைகளை எல்லாம் பார்த்துவிட்டு, "புத்துநோய் வார்டு மேல் மாடிங்க, இவ்வளவு பேர் ஏன் இங்க வந்தீங்க?" என்றாள். இஞ்சிக்காரி அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். நான்தான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி உண்மையைச் சொன்னேன். வேறு வழியில்லை, மருந்து கொடுக்க அவர்களுக்குத் தெரிய வேண்டும். சொன்னதும் எங்கள் கூட்டத்தில் எல்லாரும் தங்கள் தலையைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றி, தையல் போட்டு, மறுநாள் மதியம் கண் விழித்தாள். ஹேரன் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். என்னைக் கண்டதும் என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்." நான் தடுக்கவில்லை. குத்தி ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அம்மா, வலிக்குதாங்கம்மா? கொஞ்சம் கஞ்சி குடிக்கறீங்களா? இனிமே நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், நான் பார்த்துக்கறேன்."

பிறந்ததிலிருந்து அம்மாவை நீ, வா, போ என்றே பேசி வளர்ந்த பெண். யோசுக்காரியின் கண் பயத்தில் விரிந்தது. இரும்புக் குழாய்க்கு முன்னால் நான் பார்க்காத பயம். தண்ணீர்க் குவளையை எடுத்து என்மேல் எறிந்தாள். பலமில்லாமல் கட்டில் காலிலேயே விழுந்தது.

"இவகிட்ட எதுக்குடி சொன்ன?" என்று என்னிடம் கேட்டாள். "பாரு, என்னைச் சாகடிச்சுட்டா. திட்டச் சொல்லுடி அவளை. நாஜுக்காரி, கெஞ்சிக் கேக்கறேன், என்னைத் திட்டச் சொல்லு."

யாரிடமும் கெஞ்சாதவள் கெஞ்சினாள். ஹேரன் என்னைப் பார்த்தாள். திட்டு என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன். அந்தப் பெண் வாயைத் திறந்தபோது முதலில் அழுகைதான் வந்தது. விழுங்கினாள். எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்தாள்.

"மொட்டைச்சி" என்றாள். "என் கல்யாணத்துக்கு முன்னாடி செத்துகித்துத் தொலைஞ்ச, கொன்னுடுவேன் உன்னை."

"அப்படி வா" என்று யோசுக்காரி தலையணையில் சாய்ந்தாள். "கஞ்சியை எடு. உப்புப் போட்டியா?"