நிலைக்கும் சுவருக்கும் நடுவே

ஹபீபா பீவி பெற்றது நாலு. மூன்றை மண்ணுக்குக் கொடுத்தபின் மிஞ்சியவள் சலேஹா ஒருத்திதான். பதினாலு வயதில் வந்த காய்ச்சல் அவளையும் முழுதாகத் திருப்பித் தரவில்லை. உடம்பு தேறியது, பேச்சு போனது போனதுதான். ஊட்டினால் உண்பாள். திடீரென்று சத்தம் போட்டுச் சிரிப்பாள். கதவு திறந்திருந்தால் போதும், நேரே சுங்கை பினாங் ஆற்றை நோக்கி ஓடுவாள். இரண்டு முறை இடுப்பளவு சேற்றிலிருந்து தூக்கி வந்தார்கள். அதன்பிறகு கதவுக்கு வெளிப்பூட்டு வந்தது.

ஹபீபா பீவியின் புருஷன் சிக்கந்தருக்குத் துறைமுகத்தில் தொங்காங்கு என்கிற சரக்குப் படகுகளிலிருந்து மூட்டை இறக்கும் வேலை. விடியுமுன் போய்விடுவான். ஹபீபா பீவி இடியாப்பம் அவித்துக் கூடையில் எடுத்துக்கொண்டு, மகளைப் பூட்டிவிட்டு, சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வருவாள். அவள் திரும்பும்வரை வீட்டுக்குள் சலேஹா மட்டும்.

அந்த வீடு ஆற்றோரச் சதுப்பில் கட்டியது. மழைக்கு மழை சுவர் ஒரு பக்கமாக இறங்கும். நிலைச்சட்டம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷ மழையில் நிலைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் போகிற அளவுக்குச் சந்து விழுந்தது. சந்து விழுந்ததை முதலில் கண்டுபிடித்தவர்கள் தெருப்பையன்கள். பைத்தியம் பார்க்கிறோம் என்று முறை வைத்துக் கண்ணை வைத்தார்கள். ஒருநாள் குடைக்கம்பியை உள்ளே விட்டு ஆட்டியதில் சலேஹாவின் கன்னம் கிழிந்தது.

"அடைச்சிடு லாத்தா," என்று ஹபீபா பீவியை அக்கா முறை வைத்துச் சொன்னாள் பக்கத்து வீட்டு ஆயிஷா. "பாக்குற கண்ணு மறந்தா பேசுற வாயும் மறந்துடும்லா."

சிக்கந்தர் களிமண்ணில் சுண்ணாம்பும் தேங்காய் நாரும் குழைத்து அடைத்தான். நாலு நாள்கூட நிற்கவில்லை. மண் உதிர்ந்து தரையில் கிடந்தது. எலி என்று நினைத்து மறுபடி அடைத்தான். மறுபடி உதிர்ந்தது.

ஒருநாள் கடைகள் அடைத்திருந்ததால் ஹபீபா பீவி சீக்கிரமே திரும்பினாள். ஓசைப்படாமல் பூட்டைத் திறந்தாள். சலேஹா நிலையோரம் குந்தியிருந்தாள். கையில் கரண்டிக் காம்பு. மடியெல்லாம் சுண்ணாம்புத் தூள். தோண்டின சந்தில் கண்ணைப் பதித்திருந்தாள். காய்ச்சலுக்கு முன்னால் இருந்த முகம் அது. மூன்று வருஷமாக ஹபீபா பீவி தேடிக்கொண்டிருந்த முகம்.

மகளை மெல்ல நகர்த்திவிட்டுத் தானும் கண்ணை வைத்துப் பார்த்தாள். முனிசிபல் தண்ணீர்க்குழாய் தெரிந்தது. குடம் நிரப்புகிற பெண்கள், ஒழுகின தண்ணீரில் அலகை விட்டுத் துழாவுகிற இரண்டு வாத்துகள். அவ்வளவுதான்.

சிக்கந்தரிடம் அவள் சொல்லவில்லை. "எலிதான், கெடக்கட்டும்," என்று விட்டுவிட்டாள். அந்தச் சில வாரங்கள் சலேஹா சத்தம் போடாமல் சாப்பிட்டாள், தானாகவே தலைவாரக் குனிந்து கொடுத்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கூடையோடு தெருமுனை திரும்பியபோது தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்தாள். வெளிச்சுவரில் ஒரு முழம் தலைமயிர் தொங்கியது. சலேஹாவின் கூந்தலை இடுக்கு வழியே வெளியே இழுத்து, இரண்டு வாலிபர்கள் கயிறு மாதிரி பிடித்துச் சுண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவள் முகம் நிலையோடு நசுங்கிக் கிடந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர்களும் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் ஹபீபா பீவியே கேட்டாள்: "ஹார்பர்ல ஒடஞ்ச பீப்பா சிமிட்டி கெடக்குமே, கொண்டாறீங்களா?"

சிக்கந்தர் ஒரு தகரம் நிறையக் கொண்டுவந்தான். குழைத்ததும் பூசினதும் அவள்தான். ஓட்டுத்துண்டுகளைத் திணித்து மேலே இழுத்துப் பூசினாள். சலேஹா பக்கத்தில் வந்து ஈரத்தில் விரலை வைத்தாள். ஹபீபா பீவி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

சலேஹா தோண்டியதில் கரண்டி வளைந்தது. அப்புறம் நகத்தால் சுரண்டினாள். விரல் நுனியெல்லாம் இரத்தமானபின் இரண்டு கையையும் துணியில் சுற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு வாரம் போனதும் கட்டை அவிழ்த்தார்கள். சலேஹா சுரண்டப் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊட்டின கஞ்சி கடைவாயில் வழிந்தது. பார்க்க வந்த வைத்தியர் நாடி பிடித்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை என்றார்.

"புள்ள இப்போ அமைதியா இருக்குலா," என்றாள் ஆயிஷா.

அன்றுதான் ஹபீபா பீவி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எலி இல்லையா அப்போ," என்றான். உடனே உளியைத் தேடி எடுத்தான்.

சிமிட்டி மரத்தைக் கவ்வியிருந்தது. அடித்த அடியில் நிலைச்சட்டம் பிளந்து, செங்கல் ஒன்றும் கூடவே பெயர்ந்து, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. சலேஹாவைத் தூக்கி வந்து அதன் எதிரே உட்கார வைத்தார்கள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"பாரும்மா. கொழா தெரியுது பாரு. வாத்து ரெண்டும் வந்திருக்கு," என்று ஹபீபா பீவி சொல்லிக்கொண்டே இருந்தாள். உண்மையில் வாத்துகள் அன்று இல்லை.

சலேஹா கண்ணை மூடிக்கொண்டாள். தலை தாயின் தோளில் சாய்ந்தது. அதில் பாரமே இல்லை.

நோன்புக்கு முன்னாலேயே அவளையும் அடக்கிவிட்டார்கள். துக்கம் கேட்க வந்த பெண்கள், அல்லா அந்தப் பிள்ளைக்கு விடுதலை கொடுத்துவிட்டான் என்றார்கள். உங்களுக்கும்தான் என்று ஒருத்தி சொன்னாள். அவர்கள் போனபின் சிக்கந்தர் ஹபீபா பீவியைச் சாப்பிடக் கூப்பிட்டான்.

"நீங்க சாப்பிடுங்க," என்றாள். மறுநாள் இடியாப்பத்துக்கு அரிசியை ஊறப்போட்டுவிட்டு, விளக்கேற்றாமல் அந்த ஓட்டைக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தாள்.