நாலு டவுன் பஸ்

போடிமெட்டுக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர் மொக்கச்சாமிக்கு, டவுன் பஸ்சைக் கண்டால் இப்போதும் மகள் ஞாபகம்தான். கற்பகம் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், சனிக்கிழமை மதியம் கிளம்பினால் இருட்டித்தான் வீடு சேருவாள். போடிக்கு ரெண்டரை மணி நேரப் பயணம்தானே என்று ஒருநாள் மறித்துக் கேட்டார்.

"எங்க சுத்திட்டு வர்றே? உண்மையச் சொல்லு. இல்லேன்னா படிப்பு இன்னையோட போதும்."

"உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனின்னு டவுன் பஸ்சாவே மாறி வர்றேன்ப்பா. பொம்பளைகளுக்கு அதுல டிக்கெட் இல்லையே. நீ குடுக்கிற பஸ்சுக் காசு மெஸ்சுக்கு ஆகுது."

அவர் அடுத்த சனிக்கிழமை சவாரியை விட்டுவிட்டு, உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜீப்போடு நின்றார். கற்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசம் மிச்சம் பிடிச்சதை ஒரே நாள்ல டீசலா ஊத்திட்டியேப்பா."

"பேசாம ஏறு ஆத்தா."

வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

இப்போது அவளுக்குச் சென்னையில் வேலை. படுத்துக்கொண்டு வரும் பஸ்சில்தான் ஊருக்கு வருகிறாள். போன பொங்கலுக்கு அவளைத் தேனியிலேயே இறங்கச் சொல்லி, ஜீப்போடு போய் நின்றார்.

"போடி வரைக்கும் டிக்கெட் இருக்குல்லப்பா. டீசல் என்ன வெலை விக்குது?" என்று ஆரம்பித்தாள்.

மொக்கச்சாமி அதைக் கேட்டுக்கொண்டே ஜீப்பை மெதுவாகவே ஓட்டினார்.