பின்லாந்துக்காரியின் மரண அறிவித்தல்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தமிழ் முதியோர் சங்கம் செவ்வாய்க்கிழமைகளில் கூடும். தேத்தண்ணிக்கு முன்னர் யாராவது ஒருவர் எழுந்து, பேர்பெற்ற ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் மூன்று வருடமாக என்னை ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த கிழமை நான் சொல்லுறன்" என்று நானே கையைத் தூக்கினேன்.

"கஷ்டமெண்டா நான் வாசிச்சு விடுறன் அக்கா" என்றார் பென்ஷன் எடுத்த ரீச்சர்.

"எனக்கு ஏலும். நீங்கள் இருந்து கேளுங்கோ."

மருமகள் போனில் தேடி, நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு பின்லாந்துக்காரியைப் பிடித்துத் தந்தாள். பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு பெட்டியோடு தனியாகக் கப்பலேறி, போன ஊரெல்லாம் சந்தையையும் சாப்பாட்டையும் சண்டையையும் பார்த்து எழுதி, தன் ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பியவள். மருமகள் பெரிய எழுத்தில் ஒரு தாளும் எழுதித் தந்தாள். நான் அந்தத் தாளை நம்பி இருக்கவில்லை. சோறு வடிக்கும்போதும் அவளையே பாடமாக்கினேன்.

செவ்வாய் வந்தது. எழுந்தேன். தலைக்குள் ஒன்றுமில்லை. ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். விடுவேனா? எனக்குப் பிழையில்லாமல் பாடமாயிருந்தது ஒன்றே ஒன்று: தினமும் காலையில் ரேடியோவில் கேட்கும் மரண அறிவித்தல். வாய் அதையே பிடித்துக்கொண்டது.

"பின்லாந்தைப் பிறப்பிடமாகவும், கப்பலையும் ரயிலையும் வதிவிடமாகவும் கொண்ட பத்திரிகைக்கார அம்மா அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார்..."

அன்னாருக்குப் பிறகு கணவர், பிள்ளைகள் வர வேண்டும். மருமகள் அப்படி யாரையும் சொல்லவில்லை. "அன்னார், பத்திரிகை வாசித்த எல்லாருடைய பாசமிகு சிநேகிதியுமாவார்" என்று சமாளித்தேன்.

பஸ் பிந்தி அப்போதுதான் உள்ளே வந்த ஒரு அண்ணை தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார்.

"ஐயோ, எப்ப தங்கச்சி? உடலைப் பார்வைக்கு எங்கை வைக்கினம்?"

"அண்ணை, அது முடிஞ்சு நூறு வருசம். நீங்கள் இருங்கோ, தேத்தண்ணி வரும்."

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ரீச்சரும்தான். அந்தச் சிரிப்போடு என் பயமும் போனது. பெட்டி, கப்பல், சந்தை எல்லாம் தானாக வந்து வாயில் நின்றன. கால் மணித்தியாலம் பேசினேன். தாள் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

தேத்தண்ணிக் கேத்தில் கொதித்தபோது ரீச்சர் கிட்ட வந்தார்.

"அக்கா, அவ பிறகு எந்த ஊருக்குப் போனவ?"

"முதல்லை தேத்தண்ணியைத் தாங்கோ, சொல்லுறன்" என்றேன்.